40 மீட்டர் இரைச்சல்: எஸ்9-ல இருந்து எஸ்3-க்கு இறக்குன கதை

நம்ம ஹாம் ரேடியோவுல (அமெச்சூர் வானொலி) 40 மீட்டர் அலைவரிசைல கேக்குற இரைச்சல் ஒரு வழியா இறங்கிடுச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு 7.1 மெகாஹெர்ட்ஸ்ல ரிக்க (அனுப்பவும் வாங்கவும் செய்யுற ரேடியோ செட்ட) ஆன் பண்ணா, சிக்னல் அளவு காட்டுற எஸ் மீட்டர் முள்ளு நேரா எஸ்9-ல போய் ஒட்டிக்கிட்டு நிக்கும், இப்ப அதே நேரத்துக்கு எஸ்3, சில நாள் எஸ்4. ஆன்டெனாவ மாத்தல, ரிக்க மாத்தல, உயரத்த ஒரு அடி கூட கூட்டல. மாத்துனது பூரா ரெண்டுக்கும் நடுவுல ஓடுற கேபிள்ல. யாராச்சும் இதே மாதிரி "சிட்டிக்குள்ள இருந்துக்கிட்டு எச்எஃப் (ஷார்ட்வேவ்) எல்லாம் நமக்கு எதுக்கு"ன்னு ரிக்க மூட்டை கட்டுற ஐடியாவுல இருந்தா, அதுக்கு முன்னாடி இத ஒரு தடவை படிச்சுருங்க.

வீடு மதுரைல நாகமலை புதுக்கோட்டை பக்கம். மொட்டைமாடில 20 அடி ஜிஐ பைப், அதோட உச்சில இருந்து இன்வெர்ட்டட் வி (தலைகீழ் V மாதிரி ரெண்டு கையும் சரிஞ்சு நிக்கிற டைபோல் கம்பி ஆன்டெனா), நீளக் கணக்குக்கு 142.5-ஐ 7.1-ஆல வகுத்தா 20 மீட்டர் சொச்சம் வருதுல்ல, அதனால அங்கிட்டு பத்து மீட்டர் இங்கிட்டு பத்து மீட்டர். ஒரு நுனி பக்கத்து காலி மனைல நிக்கிற வேப்பமரத்துல கட்டியிருக்கேன், இன்னொன்னு நம்ம கைப்பிடிச் சுவர்ல. ஃபீட்பாயிண்ட்ல (ரெண்டு கையும் கேபிளோட சேர்ற நடு இடம்) ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் நேரா ஈயம் வச்சது, உள் கம்பி ஒரு கைக்கு, பின்னல் (அதச் சுத்தி இருக்குற கம்பி வலை) இன்னொரு கைக்கு, நடுவுல கேபிளையும் ஆன்டெனாவையும் பொருத்துற பாலன் கீலன் ஒன்னும் கிடையாது. அங்க இருந்து 20 மீட்டர் கேபிள் கீழ் ரூமுக்கு வருது. வர்ற வழி படிக்கட்டு ஓரமா ஒரு பிவிசி பைப், அதே பைப்புக்குள்ளதான் கேமரா அடாப்டர் ஒயரும் யூபிஎஸ் லைனும் ஓடுது. வீடு கட்டும்போது ஒரே பைப்ல எல்லாத்தையும் விட்டா சுவத்த ஒடைக்க வேண்டாம்னு எலக்ட்ரீஷியன் சொன்னாரு, அப்ப அது புத்திசாலித்தனமாத்தான் தெரிஞ்சுச்சு.

மொதல்ல எல்லாரும் செய்யுறதத்தான் நானும் செஞ்சேன், சத்தம் எங்க இருந்து வருதுன்னு தேடுறது. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரில ரிக்க ஓட்டிட்டு மெயின் எம்சிபிய கீழ தட்டினா எஸ்9 எஸ்7 ஆச்சு, அவ்வளவுதான். சரி, நம்ம வீட்டுல பாதி, வெளிய பாதின்னு முடிவு பண்ணிக்கிட்டு, சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்ன கைல வச்சுக்கிட்டு ரூம் ரூமா சுத்துனேன். பிஎல்டிசி ஃபேன் ஒன்னு நல்லா கத்துச்சு, ஹால் எல்இடி ட்யூப் கத்துச்சு, ரவுட்டர் அடாப்டர் அத விட. பக்கத்து வீட்டு மாடில சோலார். 2024-ல மத்திய அரசு மானியம் வந்த பிறகு எங்க தெருவுல நிறைய மாடில பேனல் ஏறிடுச்சு, போய் நிப்பாட்டுங்கன்னு யாரு கிட்ட சொல்ல முடியும். ஆனா இந்த சுத்துல ஒன்ன கவனிச்சேன், அப்ப அதோட அர்த்தம் புரியல: படிக்கட்டுல அந்த பிவிசி பைப் ஓரமா ரேடியோவ கொண்டு போனா, ஃபேனுக்கு கீழ நின்னத விட அதிகமா கத்துச்சு.

அப்புறம் வந்துச்சு ஈபி மாதாந்திர பராமரிப்பு. காலைல ஒன்பதுக்கு ஏரியா பூரா கரண்ட் கட். இத விட நல்ல சோதனைச்சாலை கிடைக்காது, ஏன்னா கிரிட்ல சேர்ந்த சோலார் இன்வெர்ட்டரும் லைன்ல கரண்ட் போனா தானா நின்னுடும், லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. வீட்டு யூபிஎஸ்ஸையும் அணைச்சுட்டு பேட்டரில ரிக்க போட்டா எஸ்2. ஃபோர்எஸ்7-ன்னு கூப்பிட்டுக்கிட்டு இலங்கை ஸ்டேஷன் ஒன்னு பக்கத்து தெருவுல இருந்து பேசுற மாதிரி கேட்டுச்சு. அன்னைக்கு எழுதி வச்சுக்கிட்டேன்: நம்ம இடத்தோட அடிமட்டம் எஸ்2, அதுக்கு மேல இருக்குறது பூரா மனுசன் போட்ட குப்பை. உங்க ஏரியாவுல கட் வர்றப்ப தூங்கிராதீங்க, இந்த ஒரு நம்பர் கைல இல்லன்னா எவ்வளவு தூரம் போகணும்னே தெரியாது.

அடுத்து கேபிள சோதிச்சேன். ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர பக்கவாட்டுல சேர்த்தா 50 ஓம், அத ஒரு எஸ்ஓ-239 சாக்கெட்டுல ஈயம் வச்சு சின்ன தகர டப்பாவுக்குள்ள மூடி, மாடில டைபோல கழட்டிட்டு கேபிள் முனைல இத மாட்டினேன். கேபிள் ஒழுங்கா இருந்தா ரிக்குல சத்தம் சுத்தமா இருக்கக் கூடாது. எனக்கு எஸ்5 இருந்துச்சு. ரிக் பின்னாடி பிஎல்-259 பிளக்க லேசா ஆட்டினா சத்தம் ஏறி ஏறி இறங்குது. கழட்டிப் பாத்தா பின்னல் ஈயமே பிடிக்கல, சும்மா முறுக்கி உள்ள திணிச்சுருக்கு, ரெடிமேடா வாங்கின கேபிள். 60 வாட் அயர்ன்ல, உடம்ப நல்லா சூடாக்கி, நாலு ஓட்டைலயும் ஈயம் ஓட விட்டேன். 25 வாட் அயர்ன வச்சு இத முயற்சி பண்ணாதீங்க, ஈயம் உருண்டை கட்டும், உள்ள இருக்குற பாலித்தீன்தான் உருகும். திரும்ப ரெசிஸ்டர மாட்டிப் பாத்தா முள்ளு அசையல, பூஜ்ஜியம்.

டைபோல திரும்ப மாட்டினா எஸ்8.

இந்த இடத்துலதான் நான் தப்பான பக்கம் திரும்பிட்டேன். கேபிள் சுத்தம், ரெசிஸ்டர் சோதனை பாஸ், அப்ப சத்தம் ஆன்டெனா வழியா காத்துல வருது, நாம ஒன்னும் பண்ண முடியாதுன்னு முடிவு கட்டிட்டேன். ஆன்டெனாவ காலி மனைப் பக்கம் தள்ளிப் போடலாமான்னு கம்பம் எல்லாம் விலை விசாரிச்சாச்சு. திருமங்கலத்துல ஒரு சீனியர் அண்ணே இருக்காரு, காலைல ஹாம்கள் ரேடியோவுல கூடிப் பேசுற நெட்ல சொன்னேன், அவரு கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, கேபிளுக்கு உள்ள போறத பாத்தீங்க சரி, மேல் தோல்ல ஓடுறத பாத்தீங்களா?"

"இல்லண்ணே, ரெண்டும் ஒன்னுதானே?"

"ஒன்னு இல்ல தம்பி. ரெசிஸ்டர மாட்டுனீங்கள்ல, அப்ப தோல்ல வர்றதுக்கு உள்ள நுழைய வாசல் இல்ல. டைபோல மாட்டுன உடனே வாசல தொறந்துட்டீங்க."

அவரு சொன்னது இதுதான். அதிர்வெண் ஏற ஏற கரண்ட் உலோகத்தோட மேல் பரப்புல மட்டும்தான் ஓடும், அதனால பின்னலோட உள் பக்கம் ஒரு கம்பி, வெளிப் பக்கம் தனியா இன்னொரு கம்பி. வெளிப் பக்கத்துல வீட்டு ஒயரிங் குப்பை எல்லாம் தொத்திக்கிட்டு மேல ஏறுது, ஃபீட்பாயிண்ட்ல பின்னலும் டைபோலோட ஒரு கையும் சேர்ற இடத்துல அது பொசுக்குன்னு உள்ள திரும்பி, நல்ல சிக்னல் வர்ற வழியிலயே ரிக்குக்கு இறங்குது. அதோட என் கேபிள் 20 மீட்டர், 7 மெகாஹெர்ட்ஸுக்கு கிட்டத்தட்ட அரை அலை நீளம், கீழ் முனை ரிக் வழியா எர்த்துல. வெளித்தோல் கரண்ட் ஃபீட்பாயிண்ட்ல தாராளமா ஏறுறதுக்கு இத விட மோசமான நீளம் கிடையாது. கேபிள் பேக்கெட்ல போட்டிருக்குற 0.66 வேக கணக்கு உள் பக்கத்துக்குத்தான், வெளித்தோலுக்கு அது செல்லாது, அது கிட்டத்தட்ட சாதா கம்பிதான்.

சொன்னத நம்புறதுக்கு முன்னாடி கண்ணால பாக்கணும்ல. பழைய மானிட்டர் கேபிள்ல வர்ற மாதிரி கிளிப் ஃபெரைட் (கேபிள் மேல கவ்வுற காந்தப் பொருள் உருளை) ஒன்னு எடுத்து, அதுல எனாமல் கம்பி 10 சுத்து போட்டு, ஒரு சின்ன கோஆக்ஸ் வழியா ரிக் ஆன்டெனா சாக்கெட்டுக்கு கொண்டு வந்தேன். நிஜ ஆன்டெனா கேபிளோட பிளக்க அந்தரத்துல விடாம, அதோட வெளி உடம்புல இருந்து ஒரு கம்பிய ரிக்கோட எர்த் திருகுல மாட்டிக்கணும், இல்லன்னா கரண்ட் ஓடுற பாதையே மாறிடும், அளந்தது வீண். இப்ப கிளிப்ப கோஆக்ஸ் மேல மாட்டினா அது வெளித்தோல் கரண்ட மட்டும் பிடிக்கும். மாட்டுன உடனே அதே இரைச்சல், அதே உறுமல், எஸ்9. பொண்ணு கீழ நின்னு மீட்டரப் பாத்து கத்த, நான் மேல இருந்து கிளிப்ப ஒரு மீட்டர் ஒரு மீட்டரா நகர்த்துனேன். படிக்கட்டு பைப்ப விட்டு வெளிய வர்ற இடத்துல அதிகம், நடுவுல குறைவு, ஃபீட்பாயிண்ட் கிட்ட திரும்ப அதிகம். இதுக்கு ஆன செலவு சுத்தமா ஒன்னும் இல்ல. இந்தக் கிளிப்ப ஆரம்பத்துலயே செஞ்சிருந்தா கம்பம் விலை விசாரிச்சுருக்கவே வேண்டாம்.

சரி, வெளித்தோல்ல ஓடுறத மறிக்கணும். மறிக்குற சாமானுக்கு சோக்குன்னு பேரு. நான் போட்ட சோக்குகள வரிசையா சொல்றேன், வேலைக்கு ஆகாததையும் சேர்த்து. எல்லாத்தையும் நானோவிஎன்ஏல (எந்த அதிர்வெண்ல சிக்னல் எவ்வளவு கடக்குதுன்னு காட்டுற சின்னக் கருவி) அளந்தேன். அளக்குற முறை: சோக்கோட ரெண்டு முனைலயும் பின்னல மட்டும் எடுத்து ஒன்ன முதல் போர்ட் நடு ஊசிக்கும் இன்னொன்ன ரெண்டாவது போர்ட் நடு ஊசிக்கும் மாட்டி எஸ்21 பாக்குறது, அதாவது ஒரு போர்ட்ல விட்ட சிக்னல் இன்னொன்னுல எவ்வளவு குறைஞ்சு வருதுன்னு (எஸ் மீட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல). ஒயர் ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது, முதலைக் கிளிப் வச்சா ரீடிங் பொய் சொல்லும், ஸ்டீல் பீரோ மேல வச்சு அளந்தா இன்னொரு பொய். மர ஸ்டூல்ல வைங்க. 34 டெசிபல் (டிபி) குறைஞ்சா மறிப்பு கிட்டத்தட்ட 4,900 ஓம், 13 டிபி குறைஞ்சா சில நூறு ஓம்தான், எவ்வளவு கூட குறையுதோ அவ்வளவு நல்லது.

முதல் சோக்கு காத்துச் சுருள். 4 இஞ்ச் பிவிசி பைப்ல கோஆக்ஸ 8 சுத்து நெருக்கமா, கேபிள் டை போட்டு. 7.1-ல 13 டிபி. ஃபீட்பாயிண்ட்ல மாட்டினதுல எஸ்8 எஸ்7 ஆச்சு. இதுல ஒரு வினை இருக்கு: இந்தச் சுருளோட மறிப்பு பூரா இன்டக்டன்ஸ்தான், கேபிள் வெளித்தோல் ஏதாச்சும் நீளத்துல கெப்பாசிட்டர் மாதிரி நடந்துக்கிட்டா ரெண்டும் ஒன்ன ஒன்னு அடிச்சுக்கிட்டு மறிப்பே இல்லாம போயிடும். ஒருத்தருக்கு நல்லா வேலை செஞ்சது இன்னொருத்தர் வீட்டுல செய்யாததுக்கு காரணம் இதுதான். நமக்கு வேணும்ங்கறது கரண்ட வெப்பமா தின்னுர்ற மறிப்பு, ரெசிஸ்டர் மாதிரி. அது ஃபெரைட்லதான் கிடைக்கும்.

அடுத்து ஃபெரைட்டுன்னு நெனச்சு நான் வாங்குனது. ஞாயித்துக்கிழமை திலகர் திடல் சந்தைல பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை கிடந்துச்சு, உள்ள மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ரிங் இருக்கும்ல, அத 20 ரூபாய்க்கு கழட்டிட்டு வந்தேன். மெல்லிசான ஆர்ஜி-174 கேபிள்ல 6 சுத்து. 5 டிபி. அது ஃபெரைட்டே இல்ல, இரும்புத்தூள், இந்த வேலைக்கு சுத்தமா ஆகாது. அதே சந்தைல ஸ்பீக்கர் காந்த ரிங்க காட்டி "இதுவும் ஃபெரைட்தான்ண்ணே, எடுத்துக்கங்க"ன்னாரு கடைக்காரத் தம்பி. அவரு சொன்னது பொய்யில்ல, அதுவும் ஃபெரைட் வகைதான், ஆனா நிரந்தர காந்தம், சோக்குக்கு எதுக்கும் உதவாது. கலரப் பாத்தோ எடையப் பாத்தோ கோர் (இந்த ரிங்குக்கு அதான் பேரு) வாங்காதீங்க, எந்த மிக்ஸுன்னு, அதாவது எந்தக் கலவைன்னு, தெரியாத கோர அளந்து பாக்காம ஏத்தாதீங்க.

டவுன்ஹால் ரோட்டுல கிளிப் ஃபெரைட் பத்து வாங்கினேன், 450 ரூபாய். கோஆக்ஸ்ல வரிசையா மாட்டினா பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, பாசிமணி கோத்த மாதிரி. 7 மெகாஹெர்ட்ஸ்ல ஒன்னுக்கு 20, 30 ஓம்தான் தேறுது, பத்தும் சேர்த்து முன்னூறத் தாண்டல. இதெல்லாம் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல வேலை செய்யச் செஞ்ச சாமான். ஆனா இங்க ஒரு கணக்கு புரிஞ்சுச்சு: ஒரே கோருக்குள்ள கேபிள் எத்தனை தடவை நுழையுதோ அதோட வர்க்கத்துக்கு மறிப்பு ஏறும். பத்து கோர்ல ஒரு தடவை நுழைஞ்சா பத்து மடங்கு. ஒரு கோர்ல பன்னெண்டு தடவை நுழைஞ்சா, கீழ் அதிர்வெண்கள்ல, நூத்திநாப்பது மடங்கு.

அதுக்கப்புறம் மனசத் தேத்திக்கிட்டு ஆன்லைன்ல எஃப்டி240-31 கோர் ரெண்டு ஆர்டர் போட்டேன், கூரியரோட ஒன்னு 1,750 ரூபாய். வெளி விட்டம் 61 மில்லி, உள் ஓட்டை 35 மில்லி சொச்சம், கருப்பா கனமா இருக்கும். இந்த 31 மிக்ஸ்தான் 3-ல இருந்து 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேபிள் சோக்குக்கு நிறைய பேரு கை வைக்குற மிக்ஸ், இங்கிலாந்துல ஜி3டிஎக்ஸ்க்யூங்கற ஹாம் போட்ட அளவு சார்ட்ட பாத்தா பச்சை, அதாவது நல்ல மறிப்பு, எங்க விழுதுன்னு தெரியும். ஒன்றரை மீட்டர் ஆர்ஜி-58 வெட்டி 12 சுத்து, ஆறு சுத்து ஒரு பக்கம், குறுக்க தாண்டி இன்னொரு பக்கம் ஆறு. டபிள்யூ1ஜேஆர்ங்கற ஹாம் 1978-ல எழுதுன குறுக்கு முறை இது, மறிப்பு இதனால பெருசா கூடல, ஆனா உள்ள வர்ற முனையும் வெளிய போற முனையும் எதிரெதிர்ல வந்துருதுல்ல, பெட்டிக்குள்ள வைக்க வசதி. சுத்து எண்ணுறப்ப ஓட்டைக்குள்ள எத்தனை தடவை நுழையுதுன்னுதான் எண்ணணும், வெளிய பாத்து எண்ணினா ஒன்னு குறையும். இழுத்து இறுக்கிச் சுத்தாதீங்க, ஆர்ஜி-58-ஐ இவ்வளவு சின்ன வளைவுல இறுக்கினா வெயில்ல பாலித்தீன் இளகி நடு கம்பி பின்னல் பக்கம் ஒதுங்கிடும். லூசா, ஒரு சுத்துக்கு 9 சென்டிமீட்டர் கணக்குல விட்டேன். டெஃப்லான் போட்ட ஆர்ஜி-400 இருந்தா அந்தக் கவலையே இல்ல, விலையக் கேட்டுட்டு வச்சுட்டேன்.

விஎன்ஏல போட்டா 7.1-ல 34 டிபி, அதுவும் 4-ல இருந்து 9 வரைக்கும் கோடு பெருசா ஏறி இறங்காம படுத்துக் கிடக்கு. அந்தக் கோட்டப் பாத்தப்பவே காசு வீண் போகலன்னு தெரிஞ்சுருச்சு.

90 ரூபாய் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ்ல கோர வச்சு, மேல பித்தளை போல்ட் ரெண்டுல டைபோல் கைகள மாட்டி, ஃபீட்பாயிண்ட்ல ஏத்தினேன். எஸ்8 எஸ்6 ஆச்சு. சந்தோசம், ஆனா எஸ்2 எங்க, இது எங்க. கிளிப்ப திரும்ப எடுத்து கேபிள்ல ஓட்டினா மேல ஃபீட்பாயிண்ட் கிட்ட கரண்ட் அடங்கிடுச்சு, கீழ படிக்கட்டு பைப் கிட்ட அப்படியே இருக்கு. அந்தக் குப்பை கேபிள் வழியா நேரா ஏற முடியலன்னாலும் அந்த கேபிளே ஒரு ஆன்டெனாவா நின்னு பக்கத்துல இருக்குற டைபோலுக்கு சத்தத்த வீசுது.

அதனால கேபிள அந்தப் பைப்ப விட்டே வெளிய எடுத்தேன். வெளிச் சுவர் வழியா, பக்கத்து வீட்டு சோலார் ஒயருக்கும் ஈபி சர்வீஸ் ஒயருக்கும் ஒரு மீட்டர் தள்ளி, டைபோலுக்கு கீழ குறுக்கா நேரா இறங்குற மாதிரி. 15 மீட்டர் புது கேபிள், மீட்டர் 45 ரூபாய். வீட்டுக்குள்ள நுழையுற இடத்துல தாமிரம் பூசுன ராட் ஒன்ன மண்ணுல இறக்கி, கிளாம்பும் சேர்த்து 650, பின்னல அங்க எர்த் பண்ணி, எர்த்துக்கு உள் பக்கமா ரெண்டாவது கோர மாட்டினேன். இந்த ராட்ட வீட்டு எர்த்தோட தடிச்ச கம்பில கட்டாயம் இணைக்கணும், தனியா விட்டா இடி விழுற நேரத்துல ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ரிக்குதான் மாட்டும். எலக்ட்ரீஷியன வச்சே அத செஞ்சேன். ஐப்பசி மழைல கேபிளக் கழட்டி வெளிய வைக்குற பழக்கத்த அதுக்காக விடல.

எஸ்4.

மிச்சம் இருந்தது ரூமுக்குள்ள. வீணாப் போச்சுன்னு நெனச்ச அந்தப் பத்து கிளிப் இங்க கை குடுத்துச்சு. ரவுட்டர் லேன் கேபிள ஒவ்வொரு கிளிப்லயும் மூணு சுத்து, ரிக் பவர் சப்ளை 12 வோல்ட் ஒயர்ல பிளஸ் மைனஸ் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சு மூணு சுத்து. ஒத்தக் கம்பிய மட்டும் சுத்தாதீங்க, கோர் காந்தத்தால நிரம்பி அடைச்சுப் போயிடும். எஸ்3-க்கு வந்தது இதுல. எஸ் மீட்டர் கீழ் பக்கத்துல கணக்கா இருக்காது, ஒரு யூனிட்டுக்கு 6 டிபின்னு புத்தகத்துல போட்டிருந்தாலும் நிறைய ரிக்குல அது பாதிதான் வரும், அதனால எஸ்9-க்கும் எஸ்3-க்கும் 36 டிபின்னு நான் மார் தட்டல. காது சொல்றது வேற விசயம், முன்னாடி இருக்கிறதே தெரியாம இருந்த ஸ்டேஷன் எல்லாம் இப்ப பேரோட கேக்குது.

அனுப்புற பக்கமும் ஒரு லாபம். முன்னாடி மைக்க அழுத்துனா ஹால் கேமரா படம் கோடு கோடா ஓடும், இப்ப இல்ல. 100 வாட்ல எஸ்எஸ்பில (குரல் அனுப்புற முறை) நல்லா நீட்டிப் பேசிட்டு உடனே ஏறிப் போய் கோரத் தொட்டுப் பாத்தேன், வெயில்ல கிடந்த சூடுதான் இருந்துச்சு.

உருப்படியான செலவு மட்டும் கூட்டினா கோர் 3,500, கேபிள் 675, எர்த் ராட் 650, நாலு சாக்கெட் 240, தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப் 220, ரெண்டு பெட்டி 180, ஆக 5,465. பெட்டிக்கு அடில ஒரு சின்ன ஓட்டை விடுங்க, உள்ள வேர்க்குற தண்ணி வடியணும். ஆனா அந்த ஓட்டைக்கு கொசுவலைத் துண்டு ஒட்டுங்க, எனக்கு எறும்பு குடி ஏறி போல்ட் பூரா மண்ணு. கேபிள் பெட்டிக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் வளைவு விட்டா மழைத் தண்ணி அங்கேயே சொட்டிடும். மயில் வந்து டைபோல் கம்பில உக்காந்து தொய்ய விடுறதுக்கு மட்டும் இன்னும் வழி கண்டுபிடிக்கல, இந்தப் பக்கம் அதுங்க கொட்டிக் கிடக்கு.

அடுத்த தடவை செஞ்சா கிளிப் சோதனை முதல்ல, அப்புறம் கேபிள் பாதை, அப்புறம்தான் கோர். பாதைய மொதல்லயே மாத்தியிருந்தா பாதி வேலை முடிஞ்சுருக்கும். மத்தியானத்துல பக்கத்து வீட்டு சோலார் முழு வேகத்துல இருக்கறப்ப இன்னும் எஸ்5 ஏறுது, கிளிப் வச்சுப் பாத்தா கேபிள்ல கரண்ட் இல்ல, அப்ப இது நெசமாவே காத்துல வர்றது. அந்த சார் கிட்ட பேசிட்டேன், அவரோட இன்வெர்ட்டர் வாரண்டி முடியட்டும், பேனல் ஒயர்ல ரிங் மாட்டிக்கலாம்னு சொல்லியிருக்காரு. அதுக்குள்ள 21 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் ஏத்துற திட்டம் இருக்கு, அங்க இந்த 12 சுத்து சோக்கு மறிப்பு நல்லா குறைஞ்சு போறத விஎன்ஏல பாத்துட்டேன், 43 மிக்ஸ்ல சுத்தக் குறைச்சு ஒன்னு போடணும், கோர் ஆர்டர் போட்டாச்சு.